யோசித்துச் சொல்கிறேன்

மூட்டம் போட்டு நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஊறிய விதைநெல்லைச் சாக்கில் கட்டி வைக்கோலால் மூடினால் இருபத்து நான்கு மணி நேரத்தில் வாய் பிளந்து முளை காட்டிவிடும். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அப்பா கொட்டகையில் வைக்கோலை விலக்கி, சாக்கின் கட்டை அவிழ்த்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டார். நல்ல மூட்டமென்றால் கை சுடும். அப்பா ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தார். நெல் போட்டது போட்டபடி இருந்தது.

"அடுத்த சாக்கப் பிரி காத்தான்."

காத்தான் பிரித்தார். எங்கள் வயலில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர். அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். உள்ளே கையை விட்டதும் வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டார்.

"என்னங்க இது, சில்லுனு இருக்கு. பொணத்தத் தொட்ட மாதிரி."

ஐம்பது கிலோ. இரண்டு ஏக்கர் குறுவைக்கு உரியது. மேட்டூரில் தண்ணீர் திறந்து எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர இன்னும் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ஆழ்குழாய்த் தண்ணீரில் நாற்று விட்டுவிட்டால் புரட்டாசி முடிவதற்குள் அறுக்கலாம். பத்து நாள் தள்ளினால் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டும். இதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

காத்தான் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, உப்புத் தண்ணியில போட்டுப் பதரக் கழிச்சியே. அப்புறம் நல்லா அலசினியா?"

"மூணு தண்ணி அலசினேன்," என்றேன்.

அது பொய். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்.

எங்கள் வீட்டில் யோசிப்பது என் வேலை. நான் கும்பகோணத்தில் வேதியியல் படித்தவள். அதிகம் பேசமாட்டேன். பேசாதவர்கள் யோசித்துக்கொண்டிருப்பதாக மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கரண்டு பில்லில் சந்தேகமென்றாலும், எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்றாலும், "கலைமகளக் கேளு" என்பார் அப்பா. நான் உடனே சொல்லமாட்டேன். "யோசிச்சு சொல்றேம்ப்பா" என்பேன். அதில் அவருக்கு ஒரு பெருமை.

உப்புக் கரைசல் என் யோசனைதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாட்டுத் தொட்டியில் நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் விட்டு, பதினெட்டு கிலோ கல்லுப்பைக் கரைத்தேன். முட்டையைப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசளவுக்கு மேலே தெரிந்தது. சரியான பதம். நெல்லைக் கொட்டியதும் பதர் மிதந்தது. அரித்து எடுத்தேன். அடியில் தங்கிய நல்ல நெல்லை இரண்டு சாக்கில் கட்டி அதே தொட்டியில் இறக்கினேன். உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டு, மூன்று முறை அலசி, நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும். அப்போது கரண்டு போனது. மோட்டார் ஓடாது. வந்ததும் மாற்றலாம் என்று அறைக்குப் போனேன்.

அன்று காலை கும்பகோணத்துத் தரகர் ஒரு படம் அனுப்பியிருந்தார். சூர்யபிரகாஷ், எம்.காம்., தனியார் கம்பெனியில் கணக்கு வேலை. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரோடு இருக்க முடியுமா என்று யோசித்தேன். அம்மாவைப் போல் ஆகிவிடுவேனோ என்று யோசித்தேன். கரண்டு வந்தது. விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அப்பா தஞ்சாவூரிலிருந்து போன் செய்தார். "சாக்கத் தூக்கியாச்சாம்மா?" அப்போதுதான் நினைவு வந்தது. இருபத்தாறு மணி நேரம்.

தொட்டியைத் திறந்துவிட்டேன். ஒருமுறை தண்ணீர் ஊற்றினேன். உப்பு உள்ளே போயிருக்கும், நெல்லுக்குள் போக வேண்டிய தண்ணீர் போயிருக்காது. ஊடுபரவல். பத்தாம் வகுப்புப் பாடம். ஆனாலும் உமி கெட்டியானது, தாங்கியிருக்கலாம் என்று யோசித்தேன். நல்லபடியாக யோசித்தால் எதையும் நல்லபடியாக யோசிக்கலாம்.

சாக்கு ஈரத்தில் கனத்தது. அண்ணியைக் கூப்பிட்டேன்.

அண்ணி பெயர் செந்தாமரை. அண்ணன் ராஜ்குமாரைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று வருடம். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். அண்ணி தொட்டிப் பக்கம் வந்தவள் இரண்டடி தள்ளியே நின்றாள்.

"கலை, எனக்கு நேத்திலேருந்து தீட்டு. வெதநெல்லு. தொடலாமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. சயின்ஸ்ல அப்படியெல்லாம் கெடையாது. புடிங்க."

அண்ணி சிரித்தாள். "நீ சொன்னா சரி." ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய் மூட்டம் போட்டோம். வைக்கோலை அவள்தான் அமுக்கி அமுக்கி மூடினாள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கொட்டகையில் நின்றபோது இவ்வளவும் எனக்குத் தெரியும்.

அம்மா வாசலில் வந்து நின்றாள். நெல்லைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"சாக்கத் தூக்கி வச்சது யாரு?"

"நாந்தான் அத்தை." அண்ணி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "கலை ஒரு பக்கம் புடிச்சுது, நான் ஒரு பக்கம்."

"ஒனக்கு இந்த மாசம் எப்ப?"

கேட்டால் சொல்லிவிடுவாள் அண்ணி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவளிடம் இடமே இல்லை.

"செவ்வாக்கெழம," என்றாள்.

காத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாவுக்கு அந்த ஒரு சொல்லில் இரண்டு அடி. அண்ணன் சித்திரையில் ஒரு மாத விடுப்பில் வந்துவிட்டுப் போயிருந்தான். ஒவ்வொரு மாதமும் தீட்டு வந்ததைச் சொன்னால் அம்மா முகம் தொங்கிவிடும். அதற்குப் பயந்து அண்ணி இரண்டு மாதமாகச் சொல்வதையே நிறுத்தியிருந்தாள். அம்மா வேறு மாதிரி எண்ணிக்கொண்டிருந்தாள். அண்ணியை இரண்டு வாரமாகக் குடம் தூக்க விடவில்லை. பப்பாளி வாங்க விடவில்லை.

"நாள் தள்ளிப் போயிருக்குன்னுல்லடி நெனச்சேன்! ஊமையா இருந்து என்னய ஏமாத்துனது போதாதுன்னு, போயி வெதநெல்லுல கைய வச்சியா? ஒன் கை பட்டா எது முளைக்கும்? எதுதான் முளைச்சுது மூணு வருஷமா?"

"அத்தை…"

"கொஞ்சமாவது யோசிச்சியாடி நீ?"

அண்ணி என்னைப் பார்த்தாள். அரை நொடிதான். நான் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடச் சொன்னது கலைதான் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

நாங்கள் உள்ளே போகும்போதும் அந்தப் பிடி நெல் அப்பாவின் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று யோசித்தேன். அம்மா கோபம் தணியட்டும். கோபத்தில் இருப்பவர்களிடம் சொன்னால் உண்மை எடுபடாது. சாயங்காலம் அப்பா புது விதை தேடி அலைந்துவிட்டு வந்தார். களைத்திருந்தார். காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் அண்ணியின் தட்டும் டம்ளரும் பின்கட்டு அறைக்குப் போயிருந்தன. அவளை அடுக்களைக்குள் வர வேண்டாமென்று அம்மா சொல்லிவிட்டாள். இப்போது சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். பதில் தயாரிக்க ஒரு நாள் ஆனது. அதற்குள் இன்னொரு கேள்வி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்தான். அம்மா போனைப் பிடித்துக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றாள். அண்ணனுக்கு ஆகஸ்டில் அவளை மஸ்கட்டுக்கு அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. அண்ணி ஒரு சூட்கேஸ் வாங்கி, கட்டிலுக்கடியில் வைத்து, வாரம் ஒருமுறை துடைத்து வைத்திருந்தாள்.

"நீ என்ன சொல்ற ராஜு?"

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். அவனுக்குப் பின்னால் யாரோ வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது.

"யோசிச்சு சொல்றேம்மா," என்றான்.

அவன் என் அண்ணன்தான்.

ஒரு விஷயம் உறுதியாகத் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒருவேளை விதையே கெட்ட விதையாக இருக்கலாம். அப்படியென்றால் என்மேலும் தப்பில்லை, அண்ணிமேலும் தப்பில்லை. எல்லோருக்கும் நல்லது. இரண்டு எவர்சில்வர் தட்டில் ஈரத்துணி விரித்தேன். பழைய விதைச் சாக்கின் அடியில் தங்கியிருந்த காய்ந்த நெல்லில் நூறு எண்ணி ஒரு தட்டில் பரப்பினேன். மூட்டத்து நெல்லில் நூறு இன்னொரு தட்டில். அலமாரிக்கடியில் வைத்து மூடினேன். கல்லூரியில் சொல்லிக் கொடுத்தபடி, தண்ணீரும் இடமும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றேதான்.

நான்காம் நாள் எண்ணினேன். முதல் தட்டில் தொண்ணூற்றாறு. இரண்டாவதில் மூன்று.

எண்ணிக்கொண்டிருக்கும்போது அண்ணி விளக்குமாற்றோடு உள்ளே வந்துவிட்டாள். தட்டை மறைக்க எனக்கு நேரமில்லை.

"அட! முளைச்சிருக்கு பாரேன்!" குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் குரல் அப்படிக் கேட்டது. "எவ்வளவு வெள்ளையா இருக்கு, பல்லு மொளைக்கிற மாதிரி. கலை, இது எந்த நெல்லு? நம்ம நெல்லா?"

இங்கே சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவளிடம் சொன்னால் அவள் திட்டமாட்டாள் என்றுகூட எனக்குத் தெரியும். "அடிப்பாவி" என்று தலையில் கை வைப்பாள். பிறகு நேராக அம்மாவிடம் போய், "அத்தை, ஒரு விஷயம் தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவாள். வெள்ளிக்கிழமை கும்பகோணத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். காத்தானிடம் அலசினேன் என்று சொன்னது பொய்யாகிவிடும். நான்கு நொடி இருக்கும். அதற்குள் இவ்வளவும் யோசித்தேன்.

"இல்ல அண்ணி. இது கடையில வாங்கின வெத. முளைக்குதான்னு பாத்தேன்."

"அப்ப இது?"

"அது நம்மளுது."

அண்ணி இரண்டாவது தட்டைப் பார்த்தாள். நூறு நெல்லில் மூன்று. பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள்.

"அப்ப நெசமாத்தான் இருக்கும்போல," என்றாள். "நீ சோதிச்சே பாத்துட்ட."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அறையைப் பெருக்கவில்லை. நான் இரண்டு தட்டையும் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கோழிகளுக்குக் கொட்டினேன். முளைத்ததை முதலில் கொத்தின. பிறகு மற்றதையும் தின்றன.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அண்ணி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அம்மா மாவிலை பறிக்கப் போயிருந்தாள்.

"திரும்பு. பின்னலா இது? எலி வால் மாதிரி. அவங்க வந்ததும் நான் வெளிய வரக் கூடாதாம். அதான் இப்பவே வந்தேன்." பின்னிக்கொண்டே பேசினாள். "கலை, அவரு தனியா பேசணும்னு கூப்புட்டாருன்னு வையி, என்ன கேட்டாலும் 'யோசிச்சு சொல்றேன்'னு சொல்லித் தொலைச்சுடாத. பயந்து அடுத்த பஸ்ஸுல ஏறிடப் போறாரு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். வாசலில் அம்மாவின் காலடி கேட்டதும் பூவை அவசரமாகச் செருகிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள்.

சூர்யபிரகாஷ் படத்தில் இருந்ததைவிட ஒல்லியாக இருந்தார். அவருடைய அம்மா கேசரியைத் தொடாமல் வீட்டை நோட்டம் விட்டார். "வெத கெட்டுப் போச்சாமே, கேள்விப்பட்டோம்," என்றார். ஊரில் எல்லாவற்றுக்கும் கால் முளைத்துவிடும்.

"மருமக செஞ்ச வேல," என்றாள் அம்மா. "வெவரம் பத்தாது. அவங்க வீட்டுக்கு அனுப்பிடப் போறோம்."

"பொண்ணு எப்படி? பொறுப்பா இருக்குமா?"

அப்பா பதில் சொன்னார். அவர் அப்படிச் சபையில் பேசி நான் கேட்டதில்லை. "எங்க வீட்டுல யோசிக்காம ஒரு காரியம் செய்யாத புள்ள இதுதாங்க. இது கை வச்சா தப்பாவாது."

அந்த அம்மாள் கேசரியை எடுத்துக்கொண்டார்.

அனுப்பிவிடப் போகிறோம் என்பது அந்த நிமிடம் வரை முடிவாகவில்லை. விருந்தாளிகள் முன் சொன்ன பிறகு முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை அண்ணியின் அப்பா திருவையாற்றுப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். தோட்ட வேலை செய்கிறவர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. தோள் துண்டைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"சின்னப் பொண்ணுங்க. தெரியாம தொட்டுருச்சு."

"தெரியாமயா? மூணு வருஷமா இந்த வீட்டுல இருக்கா சம்மந்தி. தெரியாமயா?"

"மாப்ள என்ன சொல்றாரு?"

"கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்னு சொல்லிட்டான்."

அது உண்மை. அண்ணன் ஒரு வாரம் யோசித்துச் சொன்ன பதில் அது. எழுத்தில் அனுப்பியிருந்தான். அண்ணியிடம் பேசவில்லை.

அண்ணி சூட்கேஸோடு வெளியே வந்தாள். மஸ்கட்டுக்கு வாங்கியது. என் பக்கத்தில் வந்து நின்று தாழ்ந்த குரலில் பேசினாள்.

"கலை, நீ அன்னைக்குச் சொன்னியே, சயின்ஸ்ல அப்படி ஒண்ணும் கெடையாதுன்னு. எனக்கே இப்ப அதுல நம்பிக்க இல்ல. இருந்தாலும் எங்கப்பா முன்னாடி ஒரே ஒரு தடவ சொல்லிடு. அவரு படிக்காதவரு, நம்பிடுவாரு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அழுதுகிட்டே வருவாரு. அதுக்குத்தான்."

"என்னடி அவகிட்ட குசுகுசுங்குற?" என்றாள் அம்மா. "என்ன சொல்லச் சொல்றா கலை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அண்ணியின் அப்பா ஓர் அடி முன்னால் வந்தார்.

"சொல்லும்மா. நீ படிச்ச புள்ள. தீட்டோட தொட்டா நெல்லு முளைக்காதா?"

முளைக்கும் என்று ஒரு சொல். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் முளைக்கவில்லை என்பது. அதை யோசித்தேன். தெரிந்ததை மட்டும், தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்ல வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். அந்தப் பழக்கம் அப்போது கை கொடுத்தது.

"அப்படி நடக்கும்னு யாரும் நிரூபிக்கல," என்றேன். "ஆனா… நடக்கவே நடக்காதுன்னும் நான் உறுதியா சொல்ல முடியாது. நான் அதைப் பத்திப் படிக்கல."

"பாத்துக்குங்க சம்மந்தி," என்றாள் அம்மா. "என் பொண்ணு ஒரு வார்த்த கூட்டிச் சொல்லாது, ஒரு வார்த்த கொறச்சுச் சொல்லாது. அதுவே சொல்லிடுச்சு."

அண்ணியின் அப்பா தலையாட்டினார். மகளிடம் திரும்பி, "ஏன்டி இப்படிப் பண்ணின?" என்றார். கையை ஓங்கவில்லை. துண்டால் அவள் தோளில் ஒரு அடி அடித்தார். வலித்திருக்காது. அண்ணி குனிந்து சூட்கேஸைத் தூக்கினாள். என்னைப் பார்த்து, "சரி விடு கலை," என்றாள். எனக்காக வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

பஸ் நிறுத்தம் வரை காத்தான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குச் சக்கரம் இருந்தது. எங்கள் தெருவில் உருட்ட முடியாது.

அப்பா சொந்தக்காரர் ஒருவரிடம் விதை வாங்கி வந்தார். காத்தான்தான் ஊறவைத்தார், காத்தான்தான் மூட்டம் போட்டார். இருபத்து நான்கு மணி நேரத்தில் முளைத்தது. அம்மா அதையும் ஊருக்குச் சொன்னாள். அவள் போனாள், நெல் முளைத்தது. ஊரில் யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நாற்று வளர்ந்த இருபத்தைந்து நாளும் நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் எழுந்ததும் அதுதான். பல் தேய்க்கும்போது, கோலம் போடும்போது, சூர்யபிரகாஷ் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கும்போது. அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது, அண்ணனுக்கு எழுதினால் என்ன வார்த்தை போடுவது. முதல் வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். யோசிக்கிறவரை நான் சொல்லப் போகிறவள்தான். அந்த நினைப்பில் நன்றாகத் தூங்கினேன். இரண்டு கிலோ கூடியிருந்தேன். நிச்சயத்துக்குத் தைத்த ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

ஒருமுறை அண்ணி போன் செய்தாள். மணி அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி வெண்டை விதைத்திருந்தாள். இரண்டு இலை விட்டிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: 'அப்பா போட்டது. நான் தொடல.'

ஆடி இரண்டாம் வாரம் நடவு. அதற்கு முந்தின நாள் அம்மா சாப்பிடும்போது சொன்னாள். அண்ணன் சம்மதித்துவிட்டான். மஸ்கட்டிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வக்கீல் திருவையாற்றுக்குப் போகிறார். இரண்டு பேரும் மனமொத்துப் பிரிவதாக எழுதிய தாளில் செந்தாமரை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. "அவ போட்டுடுவா," என்றாள் அம்மா. "தப்பு பண்ணிட்டோம்னு அவளுக்கே தெரியும். ஒரு வார்த்த எதுத்துப் பேசல பாரு." ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

அவள் ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். தட்டில் மூன்று நெல்லை அவளுக்குக் காட்டியது நான்.

காலையில் நடவாட்களுக்கு டீ கொண்டுபோகும் சாக்கில் வயலுக்குப் போனேன். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. பெண்கள் தள்ளி, வயலின் அந்தக் கோடியில் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். காத்தான் நாற்று முடிகளை அவர்களிடம் வீசிக்கொண்டிருந்தார். அப்பா இந்தப் பக்க வரப்பில் தனியாக, கட்டு அவிழ்ந்த முடிகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"டீய அவங்களுக்குக் குடுத்துடும்மா. ஆறிடும்."

"ஞாயித்துக்கெழம அந்தக் கையெழுத்து வேண்டாம்ப்பா."

"அது ஒங்கம்மாவும் அண்ணனும் பேசி முடிச்சது."

"அண்ணி மேல தப்பு இல்ல."

அப்பா இன்னொரு முடியை எடுத்தார். வேரிலிருந்த சேற்றைத் தண்ணீரில் அலசினார்.

"வெயில் ஏறுது. வீட்டுக்குப் போ."

திருத்தித் திருத்தி வைத்திருந்த முதல் வாக்கியம் மறந்துவிட்டது. கையில் டீத் தூக்கு சுட்டது.

"நாந்தாம்ப்பா கெடுத்தேன். உப்புத் தண்ணியில போட்டுட்டு மாத்தவே இல்ல. இருபத்தாறு மணி நேரம் அதுலயே கெடந்துது. மூணு தண்ணி அலசினேன்னு காத்தான்கிட்ட சொன்னது பொய். அண்ணி தொடவான்னு கேட்டாங்க. நாந்தான் தொடச் சொன்னேன்."

சொல்லிவிட்டேன். ஒன்றரை மாதமாக இந்த இடத்தைத்தான் யோசித்து வைத்திருந்தேன். அப்பா எழுந்து நிற்பார். அடிப்பார், அல்லது தலையில் கை வைத்துக்கொள்வார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திருவையாற்றுக்குப் புறப்படுவார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த முடியைச் சுற்றிக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். நடவாட்கள் இருக்கும் திசையைப் பார்த்தார். அவர்கள் தூரத்தில்தான் இருந்தார்கள். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தமா பேசாத," என்றார். அந்த முடியை மற்ற முடிகளோடு வரப்பில் வரிசையாக வைத்தார். "சாக்கப் பிரிச்ச அன்னைக்கே, நீங்கல்லாம் உள்ள போனதும், ஒரு நெல்லக் கடிச்சுப் பாத்தேன். உப்பு கரிச்சுது."